என்எஃப்எல் ரெஃப்ரிகள் வேண்டுமென்றேதான் தப்பாகத் தீர்ப்பு சொல்கிறார்களா?

அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல் பற்றி நீங்கள் கேட்டு எழுதியிருப்பது மூன்று வரி. கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணிக்கு மட்டும் எப்படிக் கடைசி நிமிடத்தில் சாதகமாகக் கொடி விழுகிறது (தவறு கண்டால் நடுவர் மஞ்சள் கொடியை வீசுவார்), இத்தனை கேமரா இருந்தும் தவறை ஏன் திருத்துவதில்லை, இவ்வளவு பணம் புரளும் லீகில் ரெஃப்ரி வேலையை ஏன் பகுதிநேரமாக வைத்திருக்கிறார்கள். மூன்றையும் சேர்த்துப் படித்தால் கேட்பது ஒன்றுதான்: இவர்கள் ஏமாற்றுகிறார்களா, இல்லை வேலை தெரியாதவர்களா? நான் என்எஃப்எல் மைதானத்தில் நின்றவன் இல்லை. டெக்சாஸில் ஒன்பது வருஷமாகப் பள்ளிக்கூட ஆட்டங்களில் எல்லைக் கோட்டு ஓரமாக நிற்கிறேன். வியாழக்கிழமை மாலை சின்னப் பையன்கள், வெள்ளிக்கிழமை ராத்திரி பெரிய பையன்கள். கறுப்பு வெள்ளைப் பட்டைச் சட்டை, இடுப்பில் மஞ்சள் கொடி, முதுகுக்குப் பின்னால் கத்திக்கொண்டே இருக்கும் ஒரு கோச். அந்த இடத்திலிருந்து என்ன தெரிகிறதோ அதைச் சொல்கிறேன், ஊகம் கலக்கும் இடத்தில் ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன்.

டிவி முன்னால் இருப்பவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்: மைதானத்தில் நிற்கும் நடுவர்களில் பெரும்பாலானோர் பெரும்பாலான நேரம் பந்தைப் பார்ப்பதே இல்லை. என்எஃப்எல்லில் ஏழு பேர். வெள்ளைத் தொப்பிக்காரர்தான் ரெஃப்ரி, குழுவுக்குத் தலைவர். அவர் பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கையும் அவரைக் காத்து நிற்பவர்களையும் பார்ப்பார். அம்பயர் என்றே ஒருவர் உண்டு, கிரிக்கெட் அம்பயர் மாதிரி இல்லை, நடுவில் முட்டிக்கொள்ளும் தடியர்களின் கைகள் எங்கே போகின்றன என்று பார்ப்பது அவர் வேலை. கோட்டின் இரண்டு முனையிலும் இருவர், பின்னால் தள்ளி மூவர். பந்து நகர்வதற்கு முன்பே யார் யாரைப் பார்க்க வேண்டும் என்பது முடிவாகியிருக்கும். ஒரு ஆட்டத்தில் ஏறக்குறைய 150 தடவை பந்து இப்படி நகர்கிறது, ஒவ்வொன்றும் ஐந்தாறு வினாடி, ஒரே நேரத்தில் 22 பேர். எனக்குப் பயிற்சி கொடுத்த பெரியவர் முதல் வாரமே சொன்னார்: பந்தைப் பார்த்தாயானால் நீ சட்டை மாற்றிக்கொண்டு வந்த ரசிகன், அவ்வளவுதான்.

அதற்கு என்ன விலை என்பது எனக்கு மூன்றாவது வருஷம் தெரிந்தது. ஒரு பையன் என் பக்கத்துக் கோட்டை ஒட்டி ஓடி வருகிறான், பந்து மேலே வருகிறது, தடுக்கிற பையன் அவன் முதுகோடு ஒட்டிக்கொண்டு வருகிறான். பிடித்தால் கால் உள்ளே இருக்கிறதா என்று சொல்ல வேண்டியவன் நான், அதனால் என் கண் அவன் ஷூவில் இருந்தது. பந்து விரல் நுனியில் பட்டு விழுந்தது. கூட்டம் ஓவென்று கத்தியது. ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்தது, கைகூடக் கொடிக்குப் போய்விட்டது, ஆனால் நான் பார்க்கவில்லை. பார்க்காததற்குக் கொடி போடாதே, கூட்டத்தின் சத்தத்துக்குப் போடவே போடாதே என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். போடவில்லை. ஆட்டம் முடிந்து கார் எடுக்கப் போனபோது அந்தப் பையனின் அப்பா போனை நீட்டினார். சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுக்கிற இடது கை பளிச்சென்று தெரிந்தது. அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை, மரியாதையாகப் பேசினார். மன்னியுங்கள், எனக்குத் தெரியவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் அதை நம்பினாரா என்று இன்று வரை தெரியாது.

இதையே நாடே பார்க்கிற ஆட்டத்துக்குக் கொண்டுபோங்கள். 2019 ஜனவரி 20, நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம், உள்ளூர் அணி செயின்ட்ஸுக்கும் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்கும் என்எஃப்சி (லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்று) இறுதி ஆட்டம், ஜெயித்தால் லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல். 20-20, இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக நேரம். செயின்ட்ஸ் குவார்ட்டர்பேக் ட்ரூ பிரீஸ் ஓரமாக வீசுகிறார், அவர் அணியின் டாமிலீ லூயிஸ் பந்துக்காகத் திரும்புகிறார், ராம்ஸின் நிக்கெல் ரோபி-கோல்மன் பந்து வந்து சேருமுன்பே ஓடி வந்து அவரைச் சாய்த்துவிடுகிறார். பந்து எங்கே இருக்கிறது என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்திலேயே இரண்டு நடுவர்கள். கொடி வரவில்லை. வந்திருந்தால் செயின்ட்ஸ் நேரத்தைக் கரைத்துவிட்டுக் கடைசி வினாடிகளில் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுத்து ஜெயித்திருக்கும், ஏறக்குறைய நிச்சயம். வராததால் மூன்று புள்ளியை மட்டும் எடுத்துக்கொண்டு பந்தை ராம்ஸிடம் கொடுத்தது, ராம்ஸ் சமன் செய்தது, ஓவர்டைமில் கிரெக் ஸூர்லைன் 57 யார்டிலிருந்து உதைத்து 26-23. மோதியவரே அது தவறுதான் என்று பிறகு சொன்னார். லீக் அலுவலகமும் செயின்ட்ஸ் கோச் ஷான் பேட்டனிடம் போனில் ஒப்புக்கொண்டது. அந்த இருவரும் ஏன் போடவில்லை? என் கண்ணுக்கு, ஒவ்வொருவரும் அது மற்றவருடைய ஆள் என்று ஒரு நொடி விட்டுக்கொடுத்த மாதிரி இருக்கிறது, பந்தும் உடம்பும் ஒரே சமயத்தில் வந்தன என்று கண் ஏமாந்திருக்கவும் கூடும். இது ஊகம். ஆனால் இப்படி விட்டுக்கொடுப்பது எங்கள் பள்ளி ஆட்டங்களில் மாதம் ஒரு தடவையாவது நடக்கிறது.

சரி, வீடியோவில் அத்தனை பேரும் பார்த்தார்களே, ஏன் திருத்தவில்லை? அன்றைய விதியில் அதற்கு வழியே கிடையாது. என்எஃப்எல்லில் ரீப்ளே எல்லாவற்றுக்கும் கிடையாது. பந்தைப் பிடித்தாரா, கால் வெளியே போனதா, பந்து கோட்டைத் தாண்டியதா என்பது மாதிரிக் கேள்விகளுக்குத்தான் அது இருக்கிறது. தள்ளினாரா, இழுத்தாரா என்பது களத்தில் நிற்பவரின் தீர்ப்பு. சமீப வருஷங்களில் ரீப்ளே அறைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அதிகாரம் கூட்டியிருக்கிறார்கள், போட்ட கொடிகளில் சிலவற்றைத் தப்பு என்று எடுக்கச் சொல்லலாம், ஆனால் தள்ளியதற்கோ இழுத்ததற்கோ போடாத கொடியைப் போடச் சொல்ல 2025 சீசனில்கூட வழி இல்லை. நியூ ஆர்லியன்ஸ் களேபரத்துக்குப் பிறகு 2019 சீசனுக்கு மட்டும் பாஸ் இன்டர்ஃபியரன்ஸையும், அதாவது பந்தைப் பிடிக்க விடாமல் மோதுவதையும், மறுபார்வைக்குள் கொண்டுவந்தார்கள், போடாததையும் சேர்த்து. அது படுதோல்வி. ஒரு வாரம் மாற்றினார்கள், அடுத்த வாரம் அதே மாதிரி மோதலுக்கு ஆதாரம் போதாது என்றார்கள், கோச்சுகளே குழம்பிப்போய்ச் சவால் விடுவதைக் குறைத்துக்கொண்டார்கள், 2020இல் விதியைத் தூக்கிவிட்டார்கள். தவறு இருக்கிறதா என்று ஃப்ரேம் ஃப்ரேமாக ஓட்டிப் பார்த்தால் ஒவ்வொரு பந்திலும் ஒரு கை எங்கேயாவது பட்டுக்கொண்டுதான் இருக்கும், அதில் எது ஆட்டத்தைக் கெடுத்தது என்று கேமரா சொல்லாது. இதில் பணயமும் பெரிது. கல்லூரி ஆட்டத்தில் இந்தத் தவறுக்கு அதிகபட்சம் 15 யார்டு தண்டனை, என்எஃப்எல்லில் தவறு நடந்த இடத்துக்கே பந்து போய்விடும், அது 45 யார்டாக இருந்தாலும். ரசிகர்கள் வேறெந்தக் கொடியையும் விட இதற்கு ஏன் கொதிக்கிறார்கள் என்பதற்கு இது பாதிக் காரணம்.

இன்னொரு வகைக் கோபம் இருக்கிறது, அதில் ரெஃப்ரி பாவம். 2015 ஜனவரியில் கிரீன் பேயில் டாலஸின் டெஸ் பிரையண்ட் கடைசிக் கால்பகுதியில் எம்பிப் பிடித்த பந்து. கோல் கோட்டை நோக்கிப் பாய்ந்து விழும்போது பந்து தரையில் பட்டு எகிறுகிறது. களத்தில் பிடித்தார் என்றார்கள், ரீப்ளேயில் பிடிக்கவில்லை என்று மாற்றினார்கள், டாலஸ் 26-21 என்று தோற்றது. நான் டாலஸ் பக்கம் குடியிருப்பவன், இங்கே இன்றைக்கும் டீக்கடைப் பேச்சு மாதிரி அது ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அன்றைக்கு இருந்த விதிப்படி, விழுந்துகொண்டே பிடிப்பவர் தரையில் விழுந்து முடிக்கும்வரை பந்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். தீர்ப்பு சரி, விதிதான் கோணல். 2018இல் அந்த வாசகத்தையே எடுத்துவிட்டார்கள். குவார்ட்டர்பேக் டாம் பிரேடியின் டக் ரூல் கதையும் இதேதான். 2002 ஜனவரி, பனி கொட்டுகிற ராத்திரி, ரெய்டர்ஸின் சார்ல்ஸ் உட்சன் அடித்ததும் பந்து பிரேடி கையிலிருந்து நழுவுகிறது, ரெய்டர்ஸ் எடுத்துக்கொள்கிறது, ஆட்டம் முடிந்தது என்று எல்லாரும் நினைக்கும்போது ரெஃப்ரி வால்ட் கோல்மன் மானிட்டரைப் பார்த்துவிட்டு வந்து அது முடியாத பாஸ், அதாவது வீசியும் யாரும் பிடிக்காத பந்து, என்கிறார்; பந்து பிரேடி அணியிடமே இருக்கும். வீசக் கை முன்னால் வந்துவிட்டால், பந்தை மறுபடி உடம்போடு அணைக்கும்போது நழுவினாலும் அது பாஸ்தான் என்று விதியில் எழுதியிருந்தது. அந்த விதி 2013இல் போனது, ரெய்டர்ஸ் ரசிகர்களுக்குக் கோல்மன் மீதிருந்த கோபம் போகவில்லை.

இப்போது சீஃப்ஸுக்கு வருகிறேன். நீங்கள் நினைத்துக்கொண்டு கேட்பது அநேகமாக இரண்டு சம்பவம். ஒன்று 2023 பிப்ரவரி சூப்பர் பௌல், 35-35, இரண்டு நிமிடத்துக்குக் கீழே, எதிரணி ஈகிள்ஸின் ஜேம்ஸ் பிராட்பரி மீது ஹோல்டிங் (பிடித்து இழுத்தல்) கொடி. ஆட்டம் முழுக்க இதைவிட அதிகமாக இழுத்ததை விட்டுவிட்டு அப்போது போட்டது எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் சட்டையை இழுத்தேன், கண்டுகொள்ளாமல் விடுவார்கள் என்று நினைத்தேன் என்று பிராட்பரியே ஒப்புக்கொண்டுவிட்டார். மற்றது 2025 ஜனவரி, சீஃப்ஸுக்கு எதிராகப் பஃபலோவின் ஜோஷ் ஆலன் நான்காவது முயற்சியில் ஒரு யார்டுக்காக முட்டிப் புகுந்தது (நான்கு முயற்சியில் பத்து யார்டு போகாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும்). மனிதக் குவியலுக்கு அடியில் பந்து எங்கே நின்றது என்பதில் இரு முனையிலிருந்து ஓடி வந்த நடுவர்கள் ஒரே இடத்தில் வந்து நிற்கவில்லை. குறைவு என்று முடிவானது, ரீப்ளேயில் மாற்ற ஆதாரம் இல்லை என்றார்கள், நம் கிரிக்கெட்டின் அம்பயர்ஸ் கால் மாதிரி முதல் தீர்ப்பே நின்றது. பஃபலோ 32-29இல் தோற்றது. எனக்கு அது தாண்டியதாகத்தான் தோன்றியது. ஆனால் தோன்றியது என்பதற்கு மேல் ஒரு வார்த்தை நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் எந்தக் கேமராவிலும் பந்தும் முழங்காலும் சேர்ந்து தெரியவில்லை.

சதி என்று நான் ஏன் நம்பவில்லை என்றால், இந்த வேலையின் கணக்கு தெரியும். ஒவ்வொரு ஆட்டத்தின் ஒவ்வொரு முயற்சியையும் லீக் அலுவலகம் வீடியோவில் பார்த்து ஒவ்வொரு நடுவருக்கும் மதிப்பெண் போடுகிறது, நல்ல மதிப்பெண் வாங்கினவருக்குத்தான் பிளேஆஃபும் சூப்பர் பௌலும். வேண்டுமென்று ஒரு கொடி போடுகிறவர் தன் சம்பாத்தியத்தில்தான் கை வைத்துக்கொள்கிறார். மற்ற ஆறு பேரும் வாயை மூடிக்கொண்டு வயசாக வேண்டும். சீஃப்ஸுக்கு எதிராகவும் அபத்தங்கள் நடந்திருக்கின்றன: 2022 அக்டோபரில் அவர்களின் கிறிஸ் ஜோன்ஸ் ரெய்டர்ஸ் குவார்ட்டர்பேக் டெரிக் காரின் கையிலிருந்து பந்தைப் பறித்து, பந்தைக் கையில் வைத்துக்கொண்டே விழுந்தார், குவார்ட்டர்பேக்கை முரட்டுத்தனமாக அடித்தார் என்று கொடி விழுந்தது. அந்த மாதிரித் தீர்ப்பை நான் என் பையன்களுக்குக் கொடுத்திருந்தால் அடுத்த வாரம் என்னை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். 2025 சூப்பர் பௌலில் அதே சீஃப்ஸ் 40-22 என்று ஈகிள்ஸிடம் உதை வாங்கியது. கதை எழுதிவைத்து ஆடுகிறார்கள் என்றால் அந்த முடிவை எழுதியவர் யார்?

ஆனாலும் சந்தேகப்படுகிறவர்களைப் பைத்தியக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கூடைப்பந்தில் டிம் டோனகி என்ற என்பிஏ ரெஃப்ரி சூதாட்ட வழக்கில் 2007இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஜெயிலுக்குப் போனார். என்எஃப்எல் நடுவர் யார் மீதும் அப்படி எதுவும் நிரூபணமானதில்லை. ஆனால் 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு வழி திறந்துவிட்ட பிறகு, நேற்று வரை சூதாட்டத்தை விஷமாகப் பேசிய அதே லீக் இப்போது பந்தய நிறுவனங்களின் விளம்பரத்தை ஆட்டத்துக்கு நடுவில் காட்டுகிறது. ஒரு பக்கம் பணம் கட்டச் சொல்லிவிட்டு இன்னொரு பக்கம் எங்களைச் சந்தேகப்படாதே என்றால் எப்படி? பெரிய நட்சத்திரங்களுக்குக் கொடி சீக்கிரம் விழுகிறதா என்பதில் எனக்கு உறுதி இல்லை. குவார்ட்டர்பேக்கைக் காக்கும் விதிகளே கண்டிப்பானவை, ரெஃப்ரி சந்தேகம் வந்தால் போடு என்று பழக்கப்பட்டவர். கூட்டத்தின் சத்தமும் பெயரின் கனமும் மனுஷன் மேல் வேலை செய்யாது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், என் மேல் செய்திருக்கிறது.

பகுதிநேரம் பற்றி. ஆமாம், பெரும்பாலானோருக்கு வேறு தொழில் உண்டு. ரெஃப்ரியாக இருந்து ஓய்வுபெற்ற எட் ஹோகுலி வக்கீல், அதேபோல் ஓய்வுபெற்ற, மேலே சொன்ன கோல்மன் பால் வியாபாரம். 2017இல் இருபதுக்கும் மேற்பட்டவர்களை முழுநேரமாக்கிப் பார்த்தார்கள், இரண்டு வருஷத்தில் அந்தத் திட்டம் நின்றது. முழுநேரமானால் விதிப் புத்தகமும் வீடியோ பாடமும் இன்னும் கூர்மையாகும், வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் மோதலின் தவறான பக்கத்தில் நிற்பவருக்கு அதனால் கண் முளைக்காது. பழக்கம் எவ்வளவு முக்கியம் என்று பார்க்க 2012 செப்டம்பர் போதும். சம்பளத் தகராறில் லீக் நடுவர்களை வெளியே நிறுத்திவிட்டு மாற்று ஆட்களை இறக்கியது. சியாட்டிலில் கடைசிப் பந்து, கோல்டன் டேட்டும் கிரீன் பேயின் ஒரு வீரரும் சேர்ந்து பந்தைக் கட்டிப் பிடித்தபடி விழுகிறார்கள், மேலே நிற்கும் இரண்டு நடுவர்களில் ஒருவர் இரண்டு கையையும் தூக்கி டச்டவுன் (பந்து கோல் கோட்டுக்கு அப்பால் போனதற்கான ஆறு புள்ளி) என்கிறார், அதே நொடியில் பக்கத்திலிருப்பவர் தலைக்கு மேல் கையை ஆட்டி நேரத்தை நிறுத்துகிறார். சியாட்டில் 14-12. இரண்டே நாளில் பழைய நடுவர்களோடு ஒப்பந்தம் முடிந்தது.

அளக்கிற விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் சிரிப்பு வரும். 2017 டிசம்பரில் டாலஸ்-ரெய்டர்ஸ் ஆட்டத்தில் பத்து யார்டை அளக்கும் சங்கிலியைக் கொண்டுவந்து நீட்டியும் பந்து அதன் முனைக் கம்பத்தைத் தொட்டதா இல்லையா என்று தெரியவில்லை. ரெஃப்ரி ஜீன் ஸ்டெரடோர் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து மடித்து இரண்டுக்கும் நடுவில் விட்டுப் பார்த்தார், ஃபர்ஸ்ட் டவுன், அதாவது பத்து யார்டு தாண்டியாயிற்று என்று, டாலஸுக்குச் சாதகமாகக் கையைக் காட்டினார். டெஸ் பிரையண்ட் பந்துக்கான தீர்ப்பை மாற்றியவரும் அவரேதான், டாலஸுக்கு ஒன்றை எடுத்து ஒன்றைக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளலாம். 2025இலிருந்து சங்கிலிக்குப் பதில் கேமராக்களே அளக்கின்றன. ஆனால் கவனியுங்கள், பந்தை எங்கே வைப்பது என்பதை இன்னமும் ஓடி வந்து கால் பதிக்கும் மனுஷன்தான் முடிவு செய்கிறார். ஜோஷ் ஆலன் விஷயத்தில் இந்தக் கேமரா இருந்திருந்தாலும் அது ஒன்றும் செய்திருக்காது.

நிஜமாகக் கோபப்பட வேண்டியது எதற்கு என்று என்னைக் கேட்டால், பேச மறுப்பதற்கு. ஆட்டம் முடிந்தால் ரெஃப்ரியிடம் ஒரே ஒரு நிருபர் போய் நாலு கேள்வி கேட்கலாம், அவ்வளவுதான். கோச்சோ வீரரோ வாயைத் திறந்து குறை சொன்னால் அபராதம். 2023 டிசம்பர் 30இல் டெட்ராய்ட் லயன்ஸ் இரண்டு புள்ளிக்குப் போட்ட பந்தை 68ஆம் எண் டெய்லர் டெக்கர் பிடித்தார். முன்வரிசைத் தடியர்கள் பந்து பிடிக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே ரெஃப்ரியிடம் சொல்லியிருக்க வேண்டும், ஆனால் அப்படிச் சொன்னவர் 70ஆம் எண் டான் ஸ்கிப்பர் என்று ரெஃப்ரி அறிவித்திருந்ததால் செல்லாது என்றாகி, லயன்ஸ் 20-19இல் தோற்றது. யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று அவர்கள் பேசியதை ஒலியோடு போட்டிருந்தால் பாதிப் பேர் அடங்கியிருப்பார்கள். 2020இல் எக்ஸ்எஃப்எல் என்ற போட்டித் தொடர் ரீப்ளே அறையில் பேசுவதை நேரலையில் அப்படியே கேட்கவிட்டது. தப்பாக முடிவு செய்தாலும் எப்படி யோசித்தார்கள் என்று காதில் விழுந்தது, வானம் இடிந்து விழவில்லை. ஹோகுலி 2008இல் டென்வர்-சான் டியேகோ ஆட்டத்தில் நழுவிய பந்தை முடியாத பாஸ் என்று விசில் அடித்துவிட்டார். தப்பு என்று ரீப்ளேயில் தெரிந்தும், விசில் அடித்த பிறகு பந்தை எடுத்தது கணக்கில்லை என்பதால் சான் டியேகோவுக்குக் கொடுக்க வழியில்லை, டென்வர் 39-38இல் ஜெயித்தது. திட்டி மெயில் எழுதிய ரசிகர்களுக்கு அவர் தானே பதில் எழுதி மன்னிப்புக் கேட்டார். அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது அதனால்தான்.

அப்படியானால் பார்ப்பதையே விட்டுவிடலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும். நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் அந்த வருஷ சூப்பர் பௌலைப் புறக்கணித்தார்கள், மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகை முதல் பக்கத்தைக் கிட்டத்தட்ட வெறுமையாகவே அச்சடித்தது. செப்டம்பரில் எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள். இரண்டாவது வாரம் மறுபடி அதே ராம்ஸ், ராம்ஸ் குவார்ட்டர்பேக் கையிலிருந்து பந்து நழுவுகிறது, செயின்ட்ஸின் கேமரன் ஜோர்டன் அதை எடுத்துக்கொண்டு கிட்டத்தட்ட மைதானம் முழுக்க ஓடி டச்டவுன் அடிக்கிறார். அதற்குள் முடியாத பாஸ் என்று விசில் அடித்தாகிவிட்டது. ரீப்ளேயில் பந்தைச் செயின்ட்ஸுக்குக் கொடுத்தார்கள், ஓடியதைக் கொடுக்கவில்லை.